கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால்

எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற தெருப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை கூட்டி உட்கார வைப்போம், மனசை நிதானப்படுத்தவும் ஒரு வேலையைப் பொறுப்பாக எடுத்து நடத்தவும் பழக்குவோம் என்று மதுரையில் இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். குடியிருப்போர் சங்கம், மகளிர் குழு, ஜமாஅத், சர்ச் இளைஞர் குழு, முன்னாள் மாணவர்கள் என்று எல்லாப் பக்கமும் இந்தப் பேச்சு இருக்கிறது. நல்ல காரியம். செல்லூர்ப் பக்கம் அப்படி ஒரு குழுவை நடத்தியதில் எனக்குப் பணமும் போனது, பல ராத்திரித் தூக்கமும் போனது. எங்கே எது வில்லங்கமாகும் என்று முன்னாடியே ஒரு ஆள் சொல்லியிருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பிள்ளைகளுக்குப் பேச ஒரு இடமும், சும்மா இருக்கக் கொஞ்ச நேரமும் கொடுத்தால், அதுவரை உள்ளே அமுக்கி வைத்திருந்தது வெளியே வரும். வரும்போது என்ன செய்வீர்கள் என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் போனது பணம். கோடை விடுமுறையில் மூன்று நாள் தங்கும் தலைமைப் பண்பு முகாம் ஒன்று, ஒரு பிள்ளைக்கு ₹5,500. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கையிலிருந்து போட்டு, வேன் வாடகையும் சேர்த்து ₹40,000-ஐத் தாண்டியது. இரண்டாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்து, சோகமாக ஓர் இசையை ஓடவிட்டு, அப்பா அம்மா படும் பாட்டை ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். கடைசி நாள் பெற்றோரை வரவழைத்துக் காலில் விழ வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய மாற்றம் நடந்துவிட்டது போலத் தெரியும். பள்ளி திறந்து இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா இருக்கும் வீட்டிலிருந்தும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த ராத்திரி சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: தப்பு உன்மேல்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் எந்த முகாமுக்கும் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் கூடவே உட்காரலாமா? ராத்திரி பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் பொறுப்பான பெண்கள் எத்தனை பேர்? ஒரு பிள்ளை அழுது உடைந்தால் தனியாக உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஆலோசகர் அங்கே இருக்கிறாரா? வீட்டுக்குப் பேசப் போன் கிடைக்குமா? முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்து என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குச் சான்றிதழ் தருவோம் என்று பதில் வந்தால் அங்கே அனுப்ப வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கால் பங்கு முன்பணம், மீதி முகாம் முடிந்த பிறகு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ₹40,000-க்கு ஒரு வருடம் முழுக்க வாராவாரம் குழு நடத்தி, சுண்டலும் போட்டு, மிச்சமும் பிடிக்கலாம்.

நடத்துவதற்கு நேரம் கிடைப்பதே முதல் பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ஞாயிறு சாயந்திரம் 4:30-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்தால்தான் பெண் பிள்ளைகளை வீட்டில் விடுவார்கள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். மொட்டைமாடி நல்ல இடம் என்று தோன்றும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்துக்குத் தரை சுட்டுக்கொண்டே இருக்கும், கீழே ஒரு ஹாலோ பள்ளி வராண்டாவோ வேண்டும். பக்கத்திலேயே கழிப்பறை இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் இரண்டாவது வாரமே வர மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். வந்ததும் சாப்பிடக் கொடுங்கள், கடைசியில் அல்ல. பசியோடு இருக்கிற பிள்ளையை அமைதியாக இரு என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு அவித்தால் 20 பேருக்குத் தாராளம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். 20-ஐத் தாண்டினால் பேசாத பிள்ளை கடைசி வரை பேசாது.

இனி இந்தக் கண்ணை மூடி உட்காரும் விஷயம். பெரியவர்களுக்குச் சொல்லித் தருவது போல 20 நிமிடம் மூச்சைக் கவனி என்று ஆரம்பித்தால் முதல் வாரம் சிரிப்பு, இரண்டாவது வாரம் தூக்கம், மூன்றாவது வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். சில பிள்ளைகளுக்கு அது இதமாகவே இருக்காது. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே பயம் வரும். வீட்டில் அடி வாங்குகிற பிள்ளைக்கு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் கண்ணை மூடுவதே பயம். ஆகவே கண்ணை மூடச் சொல்லாதீர்கள். தரையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முதுகு சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி வட்டமாக உட்கார வையுங்கள். பிடிக்காதவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை.

இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். மூச்சிலிருந்து அல்ல, காதிலிருந்து. தூரத்தில் கேட்கிற சத்தம் ஒன்று, பக்கத்தில் கேட்கிற சத்தம் ஒன்று, உடம்புக்குள் கேட்கிற சத்தம் ஒன்று என்று தேடச் சொல்லலாம். நம்ம ஊரில் சத்தத்துக்குக் குறைவில்லை. பஸ் ஹாரன், கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் உதவிக்கு வரும். அடுத்த வாரங்களில் பாதம் தரையில் படுகிற உணர்ச்சி, பிறகு உள்ளங்கை, அதற்கப்புறம்தான் மூச்சு. மூச்சுக்கு வரும்போது நன்றாக இழுத்து விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதற்றத்தில் இருக்கிற பிள்ளை வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும், பதற்றம் இன்னும் கூடும். சொல்ல வேண்டியது, விடுகிற மூச்சை நீளமாக விடு என்பது. நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், இரண்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும், அந்த நேரத்தைக் கூட்டுவதுதான் இதில் உள்ள சங்கதி. பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு இது கை கொடுக்கிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

இதற்குத் தியானம் என்று பெயர் வைக்காமல், கவனிக்கிற நேரம் என்று வைத்தோம். மூன்று மதத்துப் பிள்ளைகளும் வருகிற தெருவில், எந்த வீட்டுக்கும் உறுத்தலாக இருக்கக் கூடாது. இதை ஒரு சர்வரோக நிவாரணி போல விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பறையில் எல்லாருக்கும் பொதுவாக இந்தப் பயிற்சியைக் கொடுத்ததில், வழக்கமான மனநலப் பாடத்தைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. படித்தபோது எனக்கு மனசு விட்டுப்போனது, பிறகு யோசித்தால் அது சொல்வது சரிதான். கட்டாயப்படுத்தி எல்லாரையும் உட்கார வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்த ஒரு தேவை வர வேண்டும். அந்தத் தேவை பொறுப்பிலிருந்துதான் வருகிறது.

தலைமைப் பண்பு என்றால் மேடையில் பேசுவது, கோட் போட்டுக்கொண்டு படம் எடுப்பது என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு வேண்டியது நிஜமான ஒரு வேலை, நிஜமான கொஞ்சம் பணம், தப்பானால் நிஜமாகவே தெரியக்கூடிய ஒரு முடிவு. நம்ம ஊரில் இதற்குச் சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பந்தலை ஆற்றுப் பக்கம் போடக் கூடாது. 2022-இல் அழகர் வைகையில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் உயிர் போனது. தெருமுனை போதும். கையில் ₹2,500 கொடுத்து, மீதியை அவர்களே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிவிட வேண்டும். 10 லிட்டர் தயிர், 20 லிட்டர் கேன் தண்ணீர் இரண்டு, கிட்டத்தட்ட 300 கிராம் உப்பு, கால் கிலோ இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, மல்லித்தழை. 150 மில்லி டம்ளரில் 300 பேருக்குக் குறையாமல் வரும். மொத்தத்தையும் காலையிலேயே கலக்கினால் மதியத்துக்குள் புளித்துவிடும், இரண்டு தவணையாகக் கலக்க வேண்டும். மீன் கடைக்கு வரும் கட்டி ஐஸை உடைத்துப் போடக் கூடாது, மண்பானை போதும். திருவிழாவில் உணவோ மோரோ கொடுக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வரும், அந்த விண்ணப்பத்தையும் ஒரு பிள்ளையே போடட்டும்.

இங்கே பெரியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கணக்கில் ₹180 உதைத்தபோது, பையிலிருந்து எடுத்துக் கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்த பத்தாவது படிக்கும் பையன் முகம் சிவந்து, கத்தி, மூலையில் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நாலு இழுத்து ஆறு விட்டேன்க்கா, இப்ப மறுபடி கூட்டுவோம்" என்றான். பெருங்காயத்துக்கும் டம்ளருக்கும் ரசீது எழுதாமல் விட்டிருந்தார்கள். வாரக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் ஏறாதது அந்த அரை மணி நேரத்தில் ஏறியது.

பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். நேரம் பார்ப்பவர், கணக்கு, சாப்பாடு, பேச்சைத் தொடங்கி வைப்பவர், வராதவர்களுக்குப் போன் பண்ணுபவர் என ஐந்து வேலைகள், நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். குலுக்காமல் விட்டால் கிளாஸ் லீடர் எப்போதும் லீடராகவே இருப்பார், மைக் பையன்களிடமும் சுண்டல் பெண் பிள்ளைகளிடமும் போய்விடும், இன்னொன்றும் நடக்கும்: சாதி சாதியாகக் கூட்டு சேரும். தென்மாவட்டத்தில் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் பிள்ளைகள் மேல் விழுந்த அரிவாள் வெட்டையும், அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வேண்டாம் என்று சொன்னதையும் மறக்கலாகாது. இரண்டு இரண்டு பேராக ஒரு வேலையைக் கொடுத்தால் போதும், பிரசங்கம் தேவையில்லை. வேலை முடிந்ததும் மூன்று கேள்வி: என்ன நடந்தது, அப்போது உடம்பில் என்ன தெரிந்தது, அடுத்த தடவை எதை மாற்றுவோம். யார் தப்பு என்ற கேள்வி கிடையாது. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் வராது. "நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு", "காது சூடாச்சு" என்று சொல்ல ஒரு மாதமாவது ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

இப்படிப் பேச ஆரம்பித்த பிறகுதான், யாரும் எச்சரிக்காத அந்த ராத்திரி வந்தது. குழுவில் அதிகம் பேசாத ஒரு பிள்ளையிடமிருந்து, பதினோரு மணிக்கு மேல், இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று போனில் ஒரு செய்தி. கை நடுங்கியது. யாரிடம் சொல்வது, வீட்டுக்குச் சொன்னால் அடிப்பார்களோ, சொல்லாமல் விட்டால் என்ன ஆகுமோ என்று தெரியாமல் விடிய விடிய அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருந்ததைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தப் பிள்ளை இன்று நன்றாக இருக்கிறது. அந்தத் தனிமை இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தெரிந்திருக்க வேண்டியது இதுதான். நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்கிற பயம் தேவையில்லை. கேட்பதால் அப்படி ஆவதில்லை, மூச்சு முட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. ஆமாம் என்றால் எப்போது, எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு நிமிடமும் தனியாக இருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். புத்தி சொல்லாதீர்கள், அப்பா அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்லாதீர்கள். வீட்டில் நம்பக்கூடிய ஒரு ஆள், அது அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், அவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும், தோட்டம் துரவு உள்ள வீடாக இருந்தால் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கவோ வேறு வீட்டில் கொடுத்து வைக்கவோ சொல்லுங்கள். அந்த வேகம் சில மணி நேரத்தில் தணியக்கூடியது, அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. பிள்ளை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற பெரியவரும் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் காலையில் பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) மனநலப் பிரிவில் வெளிநோயாளி சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். செலவில்லை, பெற்றோரோ பாதுகாவலரோ கூட வர வேண்டும்.

ராத்திரிச் செய்தி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது, எரிச்சலாகவும் வரும். பிடித்த விளையாட்டை விடுவது, தூக்கம் தலைகீழாவது, சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது திமிர் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் குழுவில் வந்து உட்காருகிறவர்கள் சரியாக அந்த வயதுக்காரர்கள்.

முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: "இங்க பேசுறத வெளிய சொல்ல மாட்டோம், ஆனா உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆவேன், யார்கிட்ட சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." எதையும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-இன் போக்சோ சட்டம். தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. எப்படிச் சொல்வது என்று திகைத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள். நடந்ததைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்தால் போதும்.

தனியாக நடத்தாதீர்கள். இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண், எப்போதும் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாகப் பேசக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்காத தூரத்தில் பேசலாம். பிள்ளைகளுக்கு உங்கள் போன் எண் கொடுத்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுக்க மாட்டேன், அவசரம் என்றால் 14416 என்று அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்ல எனக்கு மனசு வரவே இல்லை. மாதக்கணக்காகப் போன் சிணுங்கும்போதெல்லாம் தூக்கிப் போட்டு எழுந்த பிறகு, தூங்காத ஆளால் எந்தப் பிள்ளைக்கும் உதவ முடியாது என்பது உடம்பிலேயே தெரிந்துவிட்டது.

பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: "இதனால மார்க் கூடுமா?" கூடும் என்று பொய் சொல்ல வேண்டாம். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பு, அதிகாலை அஞ்சு மணிக்கு டியூஷன் என்று ஓடுகிற பிள்ளைக்கு ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. போனைப் பத்து மணிக்கு ஹாலில் வைத்துவிடுவது, அம்மா அப்பா போனையும் சேர்த்து, இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட வீடுகளில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜனவரி வந்ததும் பரீட்சை என்று குழுவை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள், அரை மணி நேரமாகக் குறையுங்கள். சுண்டல், இரண்டு நிமிடம் சத்தம் கேட்பது, இந்த வாரம் எது கனமாக இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பேச்சு, அவ்வளவுதான். அப்புறம் ரிசல்ட் நாள். அதற்கு ஒரு வாரம் முன்பே யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் குழுவில் இரண்டு பேர் பொறுப்பு, ரிசல்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும், எடுக்கவில்லை என்றால் நேரில் போக வேண்டும், போகும்போது ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். துணைத்தேர்வு எழுதித் தேறினால் அந்த வருடமே மேலே படிக்கலாம் என்பதையும், விண்ணப்பிக்கும் தேதியையும் ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டு அம்மாக்களிடமும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மறுகூட்டலுக்கு எங்கே போவது, எவ்வளவு கட்டுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அந்தத் தாளைத் தயார் செய்கிற வேலையைப் போன வருடம் தோற்று, துணைத்தேர்வில் தேறி வந்த பிள்ளையிடம் கொடுங்கள்.